யாரும் வந்து 'தயார்' என்று முத்திரை குத்த மாட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாரிடமும் படிக்காமல் தானாகவே வரையக் கற்றுக்கொண்டவர் எப்போது படத்தை விற்க ஆரம்பிக்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களில் பாதிப் பேர் 'மனதுக்குத் தோன்றும்போது' என்கிறார்கள், மீதிப் பேர் 'முதலில் முறையாகப் படித்துவிட்டு வாருங்கள்' என்கிறார்கள். எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

படித்துவிட்டு வா என்பவர்கள் ஹென்றி ரூஸோவை மறந்துவிட்டார்கள். பாரிஸில் சுங்க வசூல் வேலை பார்த்துக்கொண்டே தானாக வரையக் கற்றுக்கொண்ட மனிதர், 1886-ல் நடுவர் குழுவே இல்லாத ஒரு கண்காட்சியில் படங்களை மாட்டத் தொடங்கினார். வான் கோ வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் விற்றார் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறவர்களுக்கும் ஒன்று: அவர் ஓவியன் ஆவதென்று முடிவெடுத்தது 1880-ல், 1882-லேயே அவருடைய சித்தப்பா ஹேக் நகரக் காட்சிகளைப் பேனாவால் வரைந்து தரச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர் என்றாலும் அந்தச் சித்தப்பா ஓவிய வியாபாரி. சும்மா கொடுக்கவில்லை.

சரி, அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? என்னைக் கேட்டால், படம் அழகாக இருக்கிறதா என்பதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார், அது அவர் கண், அவர் காசு. அவரால் பார்க்க முடியாதது ஒன்று இருக்கிறது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு: அந்தப் படம் சில வருடம் கழித்தும் அப்படியே இருக்குமா? அலிசரின் கிரிம்சன் என்ற அழகான சிவப்பு மெல்லிசாகப் பூசினால் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் அதைவிட மோசம். எண்ணெய் வண்ணத்தில் அடியில் எண்ணெய் அதிகமாகவும் மேலே குறைவாகவும் பூசினால் மேல் அடுக்கு முதலில் காய்ந்து பின்னால் வெடிக்கும். காய்ந்துவிட்டது என்று தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே வார்னிஷ் அடிக்கிறார்கள், கனமாகப் பூசிய எண்ணெய்ப் படம் அதற்குத் தயாராக 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும்.

இதையெல்லாம் கல்லூரிக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு நிறத்தையும் ஒரு தாளில் பட்டை பட்டையாக இழுத்து, குறுக்கே பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுக்கும்போது காவி மஞ்சளில் கோடு தெரியாது, ஃப்ளோரசன்ட் பிங்க்கில் எங்கே அட்டை இருந்தது என்று கத்தரித்த மாதிரி தெரியும். எந்த டியூபை விற்கிற படத்தில் தொடக்கூடாது என்று அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, படம் உங்களுடையதா? பிரதி எடுத்துப் பழகுவதில் தப்பே இல்லை, காலங்காலமாக அப்படித்தான் கற்றிருக்கிறார்கள். ஆனால் யாரோ எடுத்த போட்டோவை இணையத்தில் பார்த்து அச்சு அசலாக வரைந்துவிட்டு அதற்கு விலை போடுவது வேறு சங்கதி, அனுமதி இல்லாமல் செய்தால் வம்பில்தான் முடியும். நிறையப் பேர் இந்த இடத்தில் தெரிந்தே கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

கடைசியாக வரைந்த பத்துப் பதினைந்து படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தும் பாருங்கள். ஒரே ஒரு படம் மட்டும் தூக்கலாக இருந்து மற்றதெல்லாம் தடுமாறினால் அது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம், 'இதே மாதிரி இன்னொன்று வேண்டும்' என்று ஒருவர் முன்பணத்தோடு வந்து நின்றால் மாட்டிக்கொள்வீர்கள். எல்லாம் சுமாருக்கு மேல், ஒரே கை வரைந்தது போல இருந்தால் தாராளமாக விற்கலாம். நாளைக்கு இதைவிட நன்றாக வரைவேனே, அப்போது இந்தப் படத்தைப் பார்த்தால் கூச்சமாக இருக்குமே என்று தள்ளிப்போடாதீர்கள், அந்தக் கூச்சம் எல்லா ஓவியருக்கும் உண்டு.

விலை விஷயத்தில் முதுமையில் தூரிகை எடுத்த அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்த வழி. ஆரம்பத்தில் படத்தின் அளவைப் பார்த்து விலை சொன்னார், அவ்வளவுதான். எந்தப் படத்துக்கு எவ்வளவு உருகினோம் என்று கணக்குப் போட்டு விலை வைத்தால் வாங்குகிறவருக்கும் புரியாது, உங்களுக்கும் அடுத்த முறை குழப்பம்.

ஆசிரியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓவியம் பற்றி எழுதும்போது விருதையும் கண்காட்சியையும் மட்டும் எழுதாமல், டியூபின் முதுகில் 'பிஆர் 83' என்பது போலப் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டை எப்படிப் படிப்பது என்று ஒரு தடவை விளக்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்