புஷ் இறுகிய விஷயம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் படகு உரிமையாளர்களுக்கும் டிரைவர் தம்பிகளுக்கும் வணக்கம்.

தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு கடலுக்குப் போன ஒரு படகில், நான் கடைந்து கொடுத்த நைலான் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுற்றுவதற்கான குழாய்) பத்துப் பன்னிரண்டு நாளில் ஷாஃப்டை, அதாவது காற்றாடியைச் சுற்றும் தண்டை, இறுக்கிப் பிடித்துவிட்டது. அந்தப் படகை இன்னொரு படகோடு கயிறு கட்டித்தான் கரைக்கு இழுத்து வந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போகிற ஊரில் ஒரு நாள் போனால் என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தப் படகுக்கார அண்ணன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) வேறு புஷ் கடைந்து போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

ஆனால் ஜெட்டியில் பேச்சு வேறு மாதிரி ஓடுகிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் லேத் போட்டிருப்பவனுக்கு அளவு பார்க்கத் தெரியுமா என்று கேட்கிறார்களாம். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன். 22 வருடமாக இதே கொட்டகையில் அளந்து அளந்துதான் சாப்பிடுகிறேன். இந்த ஒரு சொல் தூங்க விடவில்லை.

அந்த ஷாஃப்ட் 45 மில்லிமீட்டர். தேய்ந்த ஷாஃப்ட் சரியான வட்டமாக இருக்காது என்பதால் மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தேன். கன்மெட்டலுக்கு விடுவதுபோல 0.15 இடைவெளி விட்டேன். புஷ் என் கையை விட்டுப் போனபோது துளை அந்த அளவில்தான் இருந்தது. ஆனால் நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும். வெளிப்பக்கம் ஸ்டெர்ன் டியூப் (படகின் பின்பக்கத்தில் புஷ் உட்காரும் குழாய்) பிடித்துக்கொண்டிருக்க, அது உள்பக்கமாகத்தான் வளர முடியும்; துளை சுருங்கும். சூட்டிலும் கன்மெட்டலைவிடப் பல மடங்கு விரியும். அளந்தது தப்பில்லை, விட்ட இடைவெளிதான் போதவில்லை. நைலானுக்குக் கூடுதலாக விட்டிருக்க வேண்டும். அது என் பிழை.

மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியில் 0.01 மில்லிமீட்டர் வரை படிக்கலாம். அதற்காக அத்தனை துல்லியத்தை நான் வாக்குக் கொடுக்க முடியாது. அளவுக் கருவிகள் எல்லாம் 20 டிகிரியைக் கணக்கு வைத்துச் செய்தவை. அந்தக் குளிர்ச்சி நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அபூர்வம். கடைந்த சூட்டோடு இருக்கும் கன்மெட்டல் புஷ் 30 டிகிரி ஆறினால், இந்த அளவுத் துளை 0.02-க்கு மேல் சுருங்கிவிடும். அதனால்தான் அவசரப்படுத்தினாலும் சூடு ஆறாமல் கடைசி அளவு எடுக்க மாட்டேன். துளைக்குள் அளப்பது இன்னும் சிரமம், எல்லாம் கைப்பதம். நானும் தம்பியும் ஒரே துளையை அளந்தால்கூட 0.02 வித்தியாசம் வரும். ஷாஃப்டையே கொண்டு வாருங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். அதைத் துளையில் விட்டுச் சுற்றிப் பார்ப்பதற்கு ஈடாக எந்தக் கருவியும் என்னிடம் இல்லை.

இந்தப் பேச்சுக்குப் பிறகு மைக்ரோமீட்டரை 25 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு ராடு (நீளம் துல்லியமாகத் தெரிந்த கம்பி) வைத்துச் சோதித்தேன். பூஜ்யம் 0.02 தள்ளி இருந்தது, சரிசெய்துவிட்டேன். உப்புக்காற்றில் ராடு முனை துரு ஏறாமல் இருக்க எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இனி தினமும் காலையில் சோதித்த பிறகே வேலை.

சூடு முழுதாக ஆறவிட்டு அளக்க, புஷ் வேலைக்கு இனி ஓர் இரவு கூடுதலாக வேண்டும். கூலியும் 100 ரூபாய் கூடுகிறது.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கே வந்தவர்களை மறக்க மாட்டேன். அதில் ஒருவர், "நீ கடைந்த புஷ்தான் ஆறு வருடமாக ஓடுகிறது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவருக்கு என் நன்றி.

இந்த சீசனில் என்னிடம் நைலான் புஷ் வாங்கியவர்கள், ஷாஃப்ட் கனமாகச் சுற்றுகிறதா என்று கையால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கழற்றிக் கொண்டுவாருங்கள், துளையைப் பெரிதாக்கித் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.