கோடெக் பேக் நிறுவும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில் வாசகர் ஒருவர், இணையத்திலிருந்து இறக்கிய பத்துப் பாட்டில் மூன்று மட்டும் ஓடவில்லை, விண்டோஸ் 10-இல் 36சி4 என்று முடியும் பிழை எண் வருகிறது என்று கேட்டிருந்தார். ‘கோடெக் பேக் ஒன்றை இறக்கி நிறுவுங்கள்’ என்று பதில் வந்திருக்கிறது. (கோடெக் என்பது சுருக்கிய ஒலியைப் பிரித்து ஓடவைக்கும் சிறு மென்பொருள்; பேக் என்பது அவற்றின் தொகுப்பு.) ஏழு பாட்டு ஒழுங்காக ஓடும் கணினியில் எம்பி3 கோடெக் இல்லாமல் இருக்குமா? விண்டோஸில் அது ஏற்கெனவே உண்டு. ‘என்’ என்ற பதிப்பில் மட்டும் மீடியா வசதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நம் ஊரில் அதைப் பார்ப்பதே அபூர்வம். அந்தப் பிழைச் செய்தியை முழுதாகப் படித்தால் அதிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன: இந்த வகைக் கோப்பை இயக்கும் வசதி இல்லை, பெயரின் பின்னொட்டு (கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் ‘எம்பி3’ போன்ற எழுத்துகள்) தவறு, கோப்பு சிதைந்திருக்கிறது. பதில் எழுதியவர் முதலாவதோடு நின்றுவிட்டார். கோளாறு பெரும்பாலும் மற்ற இரண்டில்தான் இருக்கும்.

முதலில் கோப்பின் அளவைப் பார்க்க வேண்டும். வலது கிளிக் செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்தால் போதும். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 1,28,000 பிட்; எட்டு பிட் ஒரு பைட்) எம்பி3 என்றால் நொடிக்கு 16,000 பைட். ஐந்து நிமிடப் பாட்டு 4.8 எம்பி வரும். (விண்டோஸ் பைட் கணக்கை 1,024-ஆல் இருமுறை வகுத்து 4.58 என்று காட்டும், பயப்பட வேண்டாம்.) 320 கேபிபிஎஸ் என்றால் 12 எம்பி. ஆடியோ சிடியிலிருந்து அப்படியே எடுத்த வேவ் கோப்பு 53 எம்பி. இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு 40 கேபி ‘பாட்டு’ பாட்டே இல்லை என்பது பார்த்ததும் புரிந்துவிடும்.

அது ஒரு வலைப்பக்கம். இணைப்பு காலாவதியாகியிருக்கும், அல்லது லாகின் கேட்டிருக்கும். சர்வர் பாட்டுக்குப் பதிலாக ஓர் அறிவிப்புப் பக்கத்தை அனுப்ப, அது பாட்டின் பெயரிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ‘டாக்டைப் எச்டிஎம்எல்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கினால் வலைப்பக்கம்தான். உண்மையான எம்பி3 பெரும்பாலும் ‘ஐடி3’ என்ற எழுத்துகளில் தொடங்கும், பிறகு வெறும் கிறுக்கல். வேவ் என்றால் ‘ஆர்ஐஎஃப்எஃப்’, ஆக் வோர்பிஸ் என்றால் ‘ஓஜிஜிஎஸ்’, ஃப்ளாக் என்றால் ‘எஃப்எல்ஏசி’. எம்4ஏ-வில் ஐந்தாவது எழுத்திலிருந்து ‘எஃப்டிஒய்பி’ என்று வரும். பார்த்த பிறகு எதையும் சேமிக்காமல் நோட்பேடை மூடிவிடுங்கள். அங்கே கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் நல்ல பாட்டும் கெட்டுப்போகும்.

அடுத்தது, பாதியில் நின்ற பதிவிறக்கம். குரோம் பிரவுசர் முடியாத கோப்புக்கு ‘சிஆர்டவுன்லோட்’ என்றும், ஃபயர்ஃபாக்ஸ் ‘பார்ட்’ என்றும் பின்னொட்டு வைக்கும். அதை எம்பி3 என்று பெயர் மாற்றி ஓடவைக்கிறவர்கள் உண்டு. கொஞ்ச தூரம் ஓடவும் ஓடும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். எம்பி3 என்பது சின்னச் சின்னத் துண்டுகளின் வரிசை. சிடி தரத்தில் ஒவ்வொரு துண்டும் 1,152 ஒலி மாதிரிகள், அதாவது 26 மில்லி விநாடி. வந்து சேர்ந்த துண்டுவரை பாடும்: பல்லவி கேட்கும், இரண்டாம் சரணத்தில் நின்றுபோகும். எம்4ஏ அப்படியல்ல. அதன் அட்டவணை பல கோப்புகளில் கடைசியில்தான் இருக்கும். வால் அறுந்தால் 90 சதவீதம் இறங்கியிருந்தாலும் ஒரு நொடிகூட ஓடாது. பிளேயர் காட்டும் நீளத்தையும் நம்ப முடியாது. பிட்ரேட் (நொடிக்கான பிட் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் விபிஆர் வகை எம்பி3-இல் மொத்தத் துண்டுகளின் எண்ணிக்கை தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே அரைகுறைக் கோப்பும் ‘5 நிமிடம் 2 நொடி’ என்று முழு நீளத்தைக் காட்டும்.

இதற்கு மருந்து மறுபடி இறக்குவதுதான். பிரவுசரில் கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் பதிவிறக்கப் பட்டியல் வரும். ‘ரெஸ்யூம்’ இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் பழைய கோப்பை அழித்துவிட்டு இறக்குங்கள். அழிக்காவிட்டால் புதியது பெயரோடு அடைப்புக்குறிக்குள் 1 சேர்ந்து உட்காரும்; நாம் பழையதையே திரும்பத் திரும்பத் திறந்து ‘இப்பவும் ஓடலை’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-1 எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளம்) கிடைக்கும். கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளை நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘சிஆர்சி எஸ்எச்ஏ’ பட்டியலில் அதே எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நம் கையில் இருப்பது அங்கே இருக்கும் கோப்பு அல்ல.

மூன்றாவது, பின்னொட்டு. விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்தே வைக்கும். எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்வு செய்தால் முழுப் பெயர் தெரியும். எம்பி3 என்று எழுதி அதற்கும் பின்னால் இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது பாட்டு அல்ல, புரோகிராம்; திறக்காமல் அழியுங்கள். ‘இந்தப் பாட்டைக் கேட்க இந்தக் கோடெக்கை நிறுவுங்கள்’ என்று வரும் பெட்டியும் வைரஸ் பரப்புகிறவர்களின் பழைய தந்திரம். அதே வாசகத்தை ஒரு நாளிதழ் எழுதலாமா என்பதே எங்கள் குறை.

ஆபத்தில்லாத பின்னொட்டுக் குழப்பமும் உண்டு. எம்4ஏ கோப்புக்கு எம்பி3 என்று பெயர் வைத்திருப்பார்கள். விஎல்சி பிளேயர் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்தே இயக்கும். இலவசம்தான், அதைத் தயாரிக்கும் வீடியோலேன் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். விஎல்சியில் கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் உண்மையான கோடெக், பிட்ரேட் எல்லாம் தெரியும். எம்பி3-ஆகவே வேண்டும் என்றால் கன்ட்ரோல்-ஆர் வழியாக மாற்றலாம், ஒலித்தரம் சற்றுக் குறையும். 128-ஐ 320 ஆக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, எந்த அலைவரிசையில் ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் பாருங்கள்: ‘320’ என்று பெயர் போட்ட பாட்டில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுவர் வைத்ததுபோல் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் அது 128-லிருந்து ஊதிப் பெரிதாக்கியது.

கட்டணப் பாட்டுச் செயலிகளுக்குள் ‘டவுன்லோட்’ செய்தவை வேறு கதை. அவை பூட்டிய கோப்புகள்; அந்தச் செயலிக்கு வெளியே எந்தக் கோடெக்கும் அவற்றைத் திறக்காது.

தமிழ்ப் பாட்டுகளுக்கென்று ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. பாட்டின் பெயர் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக வருவது. எம்பி3-க்குள் பாட்டின் பெயர் போன்ற விவரங்களை எழுதிவைக்கும் முறைதான் ஐடி3. அதன் பழைய முதல் பதிப்பில் கோப்பின் கடைசி 128 பைட்டில்தான் விவரம் இருக்கும். தலைப்புக்கு 30 பைட். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். மெய்யெழுத்தின் புள்ளியும், கொம்பு, கால் போன்றவையும் தனித்தனிக் குறி. ‘தெம்மாங்கு’ பார்வைக்கு ஐந்தெழுத்து. குறி பத்து, பைட் சரியாக முப்பது. அடுத்த சொல்லுக்கு இடமே இல்லை. யூனிகோடுக்கு முன் டிஸ்கி, டேப் எழுத்துருக்களில் எழுதிய பெயர்களோ வெறும் ஐரோப்பியக் கிறுக்கலாகத் தெரியும். இந்த விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் எழுதும் முறையை ‘ஐடி3 வி2.3 யூடிஎஃப்-16’ என்று வைத்து, முதல் பதிப்பு விவரத்தை நீக்கி, பெயரைத் தமிழில் புதிதாகத் தட்டச்சு செய்து சேமித்தால் தீரும். பாட்டு ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெயர் தெரியவில்லை என்பதற்காக நல்ல கோப்பை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேரக் கோடு நகர்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் கோப்பு நல்லதுதான். ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரை இணைத்ததும் ஒலி அதற்குப் போயிருக்கும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு பழைய டெலிபோன்போல் ஒலித்தால் ஏதோ ஒரு செயலி மைக்கைப் பிடித்துவைத்திருக்கிறது. அதை மூடினால் ஸ்டீரியோ திரும்பும்.

கேள்வி கேட்ட வாசகர் கோடெக் பேக்கை ஏற்கெனவே நிறுவியிருந்தால், ‘செட்டிங்ஸ் – ஆப்ஸ்’ பகுதியில் தேதி வாரியாக அடுக்கி, அன்று புதிதாக வந்த எல்லாவற்றையும் பார்க்கட்டும். அதனோடு பிரவுசர் டூல்பார் போன்ற கேட்காத சரக்கும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவற்றையும் சேர்த்து நீக்கி, கணினியை மறுபடி இயக்கி, விண்டோஸ் டிஃபெண்டரில் ‘ஃபுல் ஸ்கேன்’ ஒருமுறை ஓடவிட வேண்டும். அதன் பிறகு அந்த மூன்று கோப்புகளின் அளவை எழுதி உங்கள் பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் இருவர்,
திருச்சி.