பாசலிலிருந்து அக்காவுக்கு

பாசல், சுவிட்சர்லாந்து, 16.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் தைப்பொங்கலுக்கு எழுதிய கடிதம் கிடைத்து இரண்டு மாதமாகியும் பதில் எழுதவில்லை. வேலையைத் தவிர வேறு காரணம் இல்லை, கோபிக்க வேண்டாம்.

கடந்த திங்கட்கிழமை இங்கே ஃபாஸ்னாக்ட் என்னும் முகமூடித் திருவிழா தொடங்கியது. அதிகாலை நான்கு மணிக்குத் தெருவிளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைய, கட்டளை ஒன்று எழும். அந்தக் கணமே ஒவ்வொரு சந்திலும் மேளமும் சிறுகுழலும் முழங்க, முகமூடி அணிந்தவர்கள் நடக்கத் தொடங்குவார்கள். நம்மூர் வெசாக் விளக்குக் கூட்டைப் பன்மடங்கு பெரிதாக்கிச் சித்திரம் தீட்டியதுபோல ஒரு விளக்கு ஒவ்வொரு கூட்டத்தின் முன்னாலும் போகும். வியாழன் அதிகாலை நான்கு மணி வரை, எழுபத்திரண்டு மணித்தியாலம் இப்படித்தான்.

மாலையானால் மரக்கட்டையில் தடியால் தட்டிக்கொண்டிருக்கும் மேல்வீட்டு ஐயாவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? அவர் மேளம் பழகுகிறார் என்பது பிறகுதான் விளங்கியது. இங்கே கிளிக்கே என்று சொல்லும் ஊர்வலச் சங்கமொன்றில் சிறுவனாகச் சேர்ந்தவர், இன்று அதன் முதியோர் அணியில் நடக்கிறார். ஆண்டுதோறும் அதிகாரத்தில் உள்ளவர்களைக் கேலி செய்ய ஒரு பொருளைத் தேர்ந்து, அதை வெளியே விடாமல் காத்து, விளக்கில் வரைந்து, பாசல் பேச்சுமொழியில் பாட்டாக்கி, நீண்ட தாளில் அச்சடித்துத் தெருவில் கொடுப்பார்கள். செலவுக்கு உலோகச் சின்னம் விற்பார்கள். நானும் செம்பில் ஒன்று வாங்கினேன். ஆனால் சங்கம் என்பது அந்த மூன்று நாள் மட்டும் அல்ல, அக்கா. ஐயாவின் மனைவி கார்த்திகையில் காலமானபோது, சங்கத்தார் முறைவைத்து ஒரு மாதம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்ததை நான் படியில் நின்று பார்த்தேன். நம் கோயில் உபயகாரர் நினைவுக்கு வந்தார்கள்.

ஞாயிறு இரவு முழுவதும் எங்கள் உணவகத்தில் மாச்சூப்புக் காய்ச்சினோம். கோதுமை மாவை எண்ணெயின்றி மண்நிறம் வரும்வரை வறுத்து, வெங்காயமும் இறைச்சிச் சாறும் சேர்த்துக் காய்ச்சி, மேலே சீஸ் துருவிப் போடுவது. சட்டியில் மா சிவந்து மணம் எழும்பியபோது, பிட்டுக்கு அம்மா மா வறுக்கும் அடுப்படிதான் கண்முன் நின்றது. கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் குளிரில் நின்றேன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன். இந்த மாதம் காசு சற்றுக் குறைவாக வரும், சித்திரையில் சேர்த்து அனுப்புகிறேன். அதில் முதலில் அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு எடுத்து வையுங்கள். மூத்தவனின் ரியூசன் காசையும் நிறுத்த வேண்டாம். கிழக்கு வேலி பற்றிக் குஞ்சியம்மா வீட்டாருடன் கதைக்கும்போது சின்னண்ணாவைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். காணி உறுதியின் பிரதி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி