‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிடுவது அல்ல. உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல் அது திணறுகிறது. பெயரைக் கேட்டுப் பயந்த குடும்பம் நோயாளியைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. சில வாரங்களில் தொடைத் தசை கரைந்து, குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நோய் முற்றிவிட்டதாக எண்ணி இன்னும் படுக்கவைக்கிறார்கள். இந்தச் சுழலை வீட்டிலேயே உடைக்கலாம்.

நோய்நிலை சீராகி, மருத்துவர் சரி என்றபின் தொடங்குங்கள். கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இல்லையேல் பின்னால் நழுவும். முதல் 5 நிமிடம் உட்கார்ந்தபடி கணுக்காலை அசைத்து, முழங்காலை நீட்டி மடக்க வேண்டும். பிறகு 5 முறை எழுந்து உட்கார வேண்டும், எழும்போது மூச்சை விட்டபடி. மூச்சை அடக்கி எழுந்தால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கித் தலை சுற்றும். அடுத்து 5 நிமிட நடை. உடம்பு தாங்கினால் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். முடிக்கையில் சட்டென்று நிற்காமல் வேகத்தை மெல்லக் குறையுங்கள். திடீரென நின்றால் ரத்தம் காலில் தேங்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் மயங்கியே விழலாம்.

வேகத்துக்கு நாடித்துடிப்பை நம்பாதீர்கள். இந்நோய்க்குப் பலருக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏறவிடாது. நடந்தபடியே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அந்த வேகம் சரி. நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் வலியோ மூச்சுத்திணறலோ அடங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பயிற்சியை விட முக்கியமானது எடை மெஷின். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். மெத்தை, விரிப்பு மீது வைத்தால் மெஷின் தப்பாகக் காட்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையல்ல, நீர். அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். முழங்கால் கீழ் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததும் குழி அப்படியே நின்றாலும், படுக்க ஒரு தலையணை கூடுதலாகத் தேவைப்பட்டாலும் அதே எச்சரிக்கைதான். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கும். ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. இந்நோய்க்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் அது ஆபத்து.

இவ்வளவையும் கவனிப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள். இரவிலும் அரைத் தூக்கம்தான். வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். இந்நோயாளிகளுக்காகப் பிரிட்டனில் உருவான ரீச்-எச்எஃப் என்னும் 12 வார வீட்டு மறுவாழ்வுத் திட்டத்தில் நாற்காலிப் பயிற்சி, நடையோடு கவனிப்பவருக்கென்றே தனிக் கையேடும் இருக்கிறது. நம் மருத்துவமனைகள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, கவனிப்பவரையே நோயாளியின் எடையைப் பார்க்கவும், அவரை நாற்காலியிலிருந்து எழுப்பவும் செய்ய வைத்துத் திருத்தி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
இதய மறுவாழ்வுப் பணியிலுள்ள இயன்முறை மருத்துவர்கள், செவிலியர்கள்