மான் வேட்டைக் கத்தி: நீளம் வேண்டாம், கழுவ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் மான் பருவத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்காக உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, 6 அங்குல அலகும் முதுகில் வாள் (ரம்பப்) பல்லும் மரப்பிடியும் உள்ள கத்தியை வாங்கச் சொல்கிறது. பார்வைக்கு நல்ல கத்திதான். வெள்ளைவால் மானின் வயிற்றைத் திறக்க அது உதவாது, இறைச்சியையும் கெடுக்கும். அனுமதிப்பத்திரம் எடுத்து முதன்முறை ஒன்ராறியோக் காட்டுக்குப் போகும் நம்மவர்கள் அதை நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். ஆகவே நான் சொல்வதெல்லாம் இங்கே கனடாவில், பருவத்தில், பத்திரத்தோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்குத்தான்.

முதலில் நீளம். மானை மல்லாத்திப் போட்டு, நெஞ்செலும்பின் கீழிருந்து இடுப்புவரை தோலையும் வயிற்றுத் தசையையும் மட்டும் கீற வேண்டும். இடக்கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, கூர் மேலே பார்க்க, அந்த விரல்களுக்கு நடுவே கத்தியை நகர்த்துவது முறை. இப்படி உள்ளிருந்து வெளியே வெட்டினால் இன்னொரு நன்மையும் உண்டு. மண் ஒட்டிய மயிரை வெளியிலிருந்து அறுத்தால் எந்த எஃகும் சீக்கிரம் மழுங்கும். அடுத்து உதரவிதானத்தை விலா ஓரமாக அறுத்து, நெஞ்சுக்கூட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டு மூச்சுக்குழாயை வெட்ட வேண்டும். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. முனை எங்கே நிற்கிறது என்று விரல்தான் அறியும். கத்தியின் முதுகில் சுட்டுவிரலை நீட்டினால், விரல்நுனியைத் தாண்டிச் சற்றுத் தூரத்திலேயே முனை முடிந்துவிட வேண்டும். 3.5 அங்குலம் சரியான அளவு, 4 அங்குலம் உச்சம். 6 அங்குல அலகை அந்த இருட்டில் ஓட்டினால் மற்றக் கை வெட்டுப்படும், அல்லது இரைப்பை கிழியும். இரைப்பை கிழிந்தால் பாதி செரித்த தீனி இறைச்சி மீது கொட்டி, கிருமியும் நாற்றமும் பரவும். சிறுநீர்ப்பை கிழிந்தாலும் அதே கதிதான்.

முனையின் வடிவமும் இதே காரணத்தால் முக்கியம். முதுகு மெல்ல வளைந்து இறங்கி, முனை சற்றுத் தாழ்ந்து முடியும் அலகை வாங்குங்கள். அமெரிக்கக் கத்திக் கலைஞர் பொப் லவ்லெஸ் பரவலாக்கிய வடிவம் அது. முதுகு குடைந்து முனை மேலேறி நிற்கும் கத்தி குடலில் குத்த வாய்ப்பு அதிகம். முதுகில் கொக்கி வைத்த கத்திகளைப் பலர் விரும்புகிறார்கள். புதிதில் வயிற்றை நன்றாகவே திறக்கும். பிறகு கொழுப்பும் மயிரும் அதில் அடைத்துக்கொள்ளும். தட்டையான சாணைக்கல்லில் அதைத் தீட்டவும் முடியாது, மெல்லிய உருண்டைக் கோல் வேண்டும். முதுகு வாள் பல் அதைவிட வீண். எலும்பு அறுக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு சிறிய வாள் கொண்டுபோங்கள்.

முதுகின் கனம் 2.5 முதல் 3.5 மில்லிமீற்றர் போதும். 5 மில்லிமீற்றர் கத்தி விறகு பிளக்கும், தோலுரிக்கத் திணறும். ஒவ்வொரு பக்கமும் 20 பாகைச் சாய்வில் தீட்டிய கூர் நிலைக்கும். எஃகைப் பொறுத்தவரை 12சி27, 420எச்சி போன்ற சாதாரண துருப்பிடிக்காத வகைகள் ஒரு மானுக்குத் தாராளம், காட்டிலேயே சிறு கல்லில் தீட்டவும் எளிது. எஸ்30வி என்ற கடினமான எஃகு அதிக நேரம் கூர் தாங்கும்; மழுங்கினால் வைரத் தகடு இல்லாமல் சிரமப்படுவீர்கள். 1095 போன்ற கார்பன் எஃகு நன்றாக வெட்டும், ஆனால் இரத்தம் பட்ட இரவே துருவேறத் தொடங்கும்.

கட்டுரை அடியோடு விட்டுவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. மான் இனங்களைத் தாக்கும், சி.டபிள்யூ.டி. எனப்படும் மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்டது, கனடாவில் 1996இல் சஸ்காச்சுவான் பண்ணை ஒன்றில் கண்டறியப்பட்டது. பிரியான் என்ற பிறழ்ந்த புரதம்தான் காரணம். சமைத்தாலும் அது அழியாது. மூளை, முள்ளந்தண்டு வடம், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் அது செறிந்திருக்கும் என்பதால் முதுகெலும்பை அறுக்கவே கூடாது. தசையை எலும்பிலிருந்து கழற்றி எடுப்பதே பாதுகாப்பு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் காட்டியபடி, 2 பங்கு வீட்டு பிளீச், 3 பங்கு தண்ணீர் சேர்ந்த கரைசலில் 5 நிமிடம் ஊறினால் எஃகின் மேற்பரப்பில் உள்ள பிரியான் செயலிழக்கிறது. ஒட்டியிருக்கும் சதைத் துணுக்குக்குள் பிளீச் இறங்காது. ஆகவே முதலில் சவர்க்காரமும் தூரிகையும், பிறகுதான் ஊறல். முடிந்ததும் நிறையத் தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும், அதிக நேரம் ஊறினால் துருப்பிடிக்காத எஃகிலும் குழி விழும். பிளீச்சோடு வினாகிரியையோ அமோனியாவையோ ஒருபோதும் கலக்காதீர்கள்.

இப்போது கட்டுரையின் கத்தியைப் பாருங்கள். மரப்பிடி இரத்தத்தை உறிஞ்சும், வாள் பல்லின் இடுக்கில் சதை தங்கும். மடக்குக் கத்தியின் மூட்டும் இதே குறையுள்ளதுதான். மடங்காத கத்தியை நான் வற்புறுத்துவதற்குப் பலத்தைவிட இதுவே பெரிய காரணம். இறப்பர் அல்லது ஜி10 (கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்) பிடி, விரல் கூருக்கு நழுவாமல் தடுக்கும் சிறு தடுப்பு, செம்மஞ்சள் நிறம் ஆகியவை இருந்தால் நல்லது. கபில இலைச் சருகில் கறுப்புப் பிடியைத் தேடிக் காண்பது கடினம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் கவிழ்த்தால் போதும்.

விலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஸ்வீடனின் மோரா கம்பேனியன் துருப்பிடிக்காத வகை 104 மில்லிமீற்றர் (ஏறத்தாழ 4 அங்குலம்) அலகும் இறப்பர் பிடியும் பிளாஸ்டிக் உறையும் உள்ள மலிவான கத்தி. பிடிக்குள் செல்லும் எஃகுக் காம்பு அதன் கடைசி வரை ஓடவில்லை என்று குறை சொல்வார்கள். கட்டையால் அடித்து விறகு பிளக்கிறவருக்கு அது குறைதான். மானுக்கு அந்தப் பலம் தேவைப்படுவதில்லை.

பருவம் திறக்குமுன் இக்கடிதத்தை வெளியிடுமாறும், அந்தக் கத்தியின் பரிந்துரையைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்கார்பரோ