பெப்ராவில் வண்டி ஏன் திரும்பியது? கதிரவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிரவன்,

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் இருக்கும் பெப்ரா என்ற சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை தண்டவாளங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ரயிலால் வளர்ந்த ஊர் அது. நகரம் என்ற தகுதியே 1935இல்தான் கிடைத்தது.

1848இல் காசல் பக்கமிருந்து முதல் பாதை வந்தது. அடுத்த வருடமே அது கிழக்கே கெர்ஸ்டுங்கன் வரை போய்த் கிழக்கே துரிங்கியா பகுதியின் ரயில் பாதையோடு சேர்ந்துகொண்டது. 1866இல் தெற்கே ஃபுல்டா வரை பாதை திறந்தது. பத்தாண்டு கழித்து வடக்கே கோட்டிங்கன் பக்கமும் வழி பிறந்தது.

வரைபடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். காசல், கோட்டிங்கன் பாதைகள் ஸ்டேஷனின் வடக்கு முனையில் நுழைகின்றன. ஃபுல்டா, கெர்ஸ்டுங்கன் பாதைகள் இரண்டுமே தெற்கு முனையில். காசலிலிருந்து கிழக்கே போகிறவருக்கு நேர்வழி. முதலில் போட்ட பாதை அதுதானே! ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பெர்லின் போகிற வண்டி மட்டும் உள்ளே வந்து, வந்த முனை வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது.

அதற்கு என்ன வேலை நடக்கும் தெரியுமா? வண்டி நின்றதும் ஊழியர் பஃபர்களுக்கு (வண்டி முனைகளில் இடியைத் தாங்கும் முட்டுகளுக்கு) நடுவே குனிந்து நுழைந்து, பிரேக் காற்று போகும் ஹோஸையும், எஞ்சினைப் பெட்டியோடு இணைக்கும் ஸ்குரூ கப்ளிங்கையும் கழற்றுவார். மறுமுனையில் வேறு எஞ்சின் வந்து சேரும். வால் விளக்கு இடம் மாறும். பிறகு பிரேக் சோதனை: பிடித்துப் பார்த்து, விட்டுப் பார்த்து, கடைசிப் பெட்டி வரை சரிபார்க்க வேண்டும். இடையில் ஒரு ஆங்கிள் காக் (பிரேக் காற்றுக் குழாயின் அடைப்பான்) மூடிக் கிடந்தால் அதற்குப் பின்னால் உள்ள எந்தப் பெட்டியிலும் டிரைவரால் பிரேக் போட முடியாது. இந்தச் சோதனையில் அவசரம் கூடவே கூடாது.

இதே ஃபிராங்க்ஃபர்ட் பாதையில் எல்ம் ஸ்டேஷனிலும் வண்டிகள் திரும்பித்தான் போயின. 1914இல் ஷ்லுக்டர்ன் அருகே 3,575 மீட்டர் சுரங்கம் திறந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. பெப்ராவைத் தொடாமல் கிழக்கே திரும்ப ஒரு இணைப்புப் பாதையும் போட்டார்கள். அதன் பெயரே பெர்லின் வளைவு.

1945க்குப் பின் நாடு பிளந்தது. பெப்ரா மேற்கு ஜெர்மனியின் எல்லை ஸ்டேஷன் ஆனது, எஞ்சின் மாற்றம் இங்கே நிலைத்தது. 1963 வாக்கில் மேற்குப் பக்கம் மின்சாரம் வந்துவிட்டது, கிழக்கிலிருந்தோ 01.5 வகை நீராவி எஞ்சின்கள் 1973 வரை வந்துபோயின. ஒரே ஸ்டேஷனில் இரண்டு காலமும் அருகருகே நின்றதைப் படமெடுக்க ரயில் பிரியர்கள் குவிந்ததில் வியப்பில்லை.

பெப்ராவுக்குப் பெரிய அடி விழுந்தது 1991இல். ஹனோவர்–வூர்ட்ஸ்பர்க் அதிவேகப் பாதை திறந்ததும் வடக்கு–தெற்கு விரைவு வண்டிகள் காசல்-வில்ஹெல்ம்ஸ்ஹோஹே வழியாகப் போய்விட்டன. எல்லை மறைந்ததும் எஞ்சின் மாற்றும் தேவையும் போயிற்று; பெர்லின் வளைவைக் கடக்கும் இன்றைய விரைவு வண்டிகள் இங்கே நிற்பதில்லை.

நேரில் பார்க்க ஃபுல்டாவில் இறங்கி, காண்டுஸ் என்ற நிறுவனத்தின் உள்ளூர் வண்டிக்கு மாறுங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே தீவுபோல் நிற்கும் பழைய கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். சரக்கு வண்டிகளுக்கு இன்றும் இது முக்கியமான இடம்தான்.

அன்புடன்,
உங்கள் நண்பன்