பேச்சுப் பயிற்சி மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024-25)

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம், ஜூன் மாதச் செயற்குழுவில் நாம் போட்ட தீர்மானம். மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயரும் பட்டமும் சொல்லி 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிப்பதற்குள் பேச்சுக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விடுகிறது. இனி விளிப்பு ஒரு வரிதான். சிறப்பு விருந்தினர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களிடம் போய் யார் சொல்வது?

ஞாயிறு மாலைப் பயிற்சி வழக்கம்போல் நடந்தது. இதுவரை பட்டிமன்றத்துக்கும் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கும் ஆள் தயார் செய்வதே நம் வேலையாக இருந்தது. ஆனால் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் வாய்ப்பது வரவேற்புரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை, இரங்கலுரை ஆகியவைதான். எனவே இந்த ஆண்டு அவற்றையே எடுத்துக்கொண்டோம்.

வரவேற்புரையில் சிக்கல் அதிகமில்லை. நன்றியுரை சொல்பவர் எழும்போதே கூட்டமும் எழுந்துவிடுகிறது என்பதால், பெயர்ப் பட்டியலைச் சுருக்கச் சொல்லிக் கொடுத்தோம். அதிக நேரம் எடுத்தது இரங்கலுரைதான். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு', 'பழகுவதற்கு இனியவர்' என்றெல்லாம் எழுதிவந்ததை யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம். அதனால், மறைந்தவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டோம். நூலகத்தில் எடுத்த புத்தகத்துக்குத் தன் செலவில் அட்டை போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார் என்று ஓர் உறுப்பினர் தன் நண்பரைப் பற்றிச் சொன்னார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

அப்புறம், பேசும் முறைகள். எழுதி வாசிப்பது, மனப்பாடம் செய்து ஒப்பிப்பது, குறிப்பு வைத்துக்கொண்டு பேசுவது, கூப்பிட்டவுடன் எழுந்து பேசுவது என நான்கையும் எல்லோரும் செய்து பார்த்தார்கள். வாசிப்பது இழுக்கு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தீர்மானம், கணக்கு, சட்டம் தொடர்பானவற்றை வாசிப்பதே நல்லது. மெல்லிய தாள் மட்டும் வேண்டாம். கை நடுங்குவது பின்வரிசைக்கும் தெரிந்துவிடும். கெட்டி அட்டையில், ஒரு பக்கத்தில் மட்டும், பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆபத்தானது மனப்பாடம்தான். ஒரு வரி நழுவினால் மாணவர்கள் மறுபடி முதல் வரிக்கே போகிறார்கள். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

கூப்பிட்டவுடன் பேசுவதைப் பிறவித் திறமை என்று பலர் நினைக்கிறார்கள். ஆகஸ்ட் கூட்டத்தில் இதைத்தான் விவாதித்தோம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதிவைத்த உரையோடுதான் வந்திருந்தார். முடிவை நெருங்கும்போது தாளை விட்டுவிட்டுத் தன் கனவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பகுதியைத்தான். ஆனால் அந்தக் கனவை அவர் அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட்டிலும் பேசியிருந்தார். வாயில் முன்பே பழகியிருந்ததுதான் அன்றைக்குக் கைகொடுத்தது.

நீளம் குறித்தும் ஒரு செய்தி. 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், பேர்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசிய பிறகு அதிபர் லிங்கன் எழுந்து சில நிமிடங்களில் முடித்துக்கொண்டார். இதைக் கேட்ட பின்னும் நம் வாழ்த்துரையாளர்கள் சிலருக்குத் துண்டுச் சீட்டு அனுப்ப வேண்டியிருந்தது. சீட்டைப் படித்துவிட்டு, 'இன்னும் ஒரே ஒரு கருத்து' என்று தொடர்ந்தவர்களும் உண்டு.

வள்ளுவர் 72ஆம் அதிகாரத்தில் அவையறிதலை வைத்து, அதற்கு அடுத்துத்தான் அவையஞ்சாமையை வைத்திருக்கிறார். அதே வரிசையில் நாமும், யார் கேட்கப்போகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் எழுதிவரச் சொன்னோம். பயம் ஓரளவு குறைந்தது.

பொங்கல் பட்டிமன்றம் நன்றாக நடந்தது. இரைச்சல் போட்ட மைக்கைச் சரிசெய்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஞாயிறு மாலை நேரம் பெண்களுக்கு வசதிப்படவில்லை. சேர்ந்தவர்களும் பாதியில் நின்றுவிட்டார்கள். பயிற்சியைச் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. அதையும் சேர்த்து இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்